மதுரை வீட்டிலிருந்து நடுக்கடலுக்கு: குடும்பத்தோடு நீண்ட பாய்மரப் பயணம் கிளம்ப முழுமையான வழிகாட்டி

பாய்மரப் படகில் குடும்பத்தோடு மாதக்கணக்கில் போகப் போகிறோம் என்று சொன்னால், மதுரையில் எல்லோரும் முதலில் கேட்பது "படகு என்ன விலை?" என்பதுதான். எங்களுக்குப் பிறகு கிளம்பத் தயாரான மூன்று குடும்பங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். மூன்று பேருமே படகு வாங்குவதில்தான் ஆரம்பித்தார்கள். அதில் இரண்டு குடும்பங்கள் அதனாலேயே ஒரு வருஷத்தை இழந்தன. படகு ஆறாவது வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை பெரும்பாலும் நம் வீட்டிலும் மொட்டை மாடியிலும்தான் இருக்கின்றன.

நாங்கள் கொச்சியிலிருந்து மாலத்தீவுக்குப் போனோம். நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், 13 வயது மகள், 9 வயது மகன். கீழே உள்ள அளவுகள் எல்லாம் நான்கு பேருக்கானவை.

1. கிளம்பும் மாதத்தை முதலில் குறியுங்கள்

கொச்சியிலிருந்து மாலத்தீவுப் பக்கம் போக ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அப்போது வாடைக்காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து தள்ளும், கடலும் அடங்கியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் எதிரே நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கிவிட்டு லட்சத்தீவு வழியாகப் போனது. நாம் போகிற அதே கடல்தான்.

மாதம் முடிவானதும் காலண்டரைப் பின்னோக்கி எண்ணுங்கள். பதினெட்டு மாதம் வேண்டும். இதைச் செய்யாதவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஜனவரியில் கிளம்ப வேண்டுமானால் வத்தல், வடகம், மோர் மிளகாய் எல்லாம் அதற்கு முந்தைய சித்திரை வெயிலிலேயே காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் நினைவுக்கு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

2. கிளம்பும் துறைமுகம்: பக்கத்தில் இருப்பது அல்ல, பொருந்துவது

ராமேஸ்வரம் பக்கம்தானே, அங்கிருந்தே போகலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். பாம்பன் பக்கம் ஆழம் குறைவு. அடியில் கனமான கீல் (படகு கவிழாமல் தாங்க நீருக்குள் நீளும் எடைப் பகுதி) வைத்த பாய்மரப் படகுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். இலங்கையுடனான கடல் எல்லையும் மிக அருகில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது கொச்சி. போல்காட்டியில் பாய்மரப் படகுகளுக்கென்றே மரினா இருக்கிறது. தண்ணீர், கரண்ட், நடைமேடை எல்லாம் உண்டு. குடியேற்றம், சுங்கம் இரண்டும் ஒரே ஊரில் முடிந்துவிடும். மதுரையிலிருந்து ஒரு பகல் பயணம் என்பதால் வார இறுதிகளில் போய்வர முடியும். கடைசி நான்கு மாதத்தில் நாங்கள் பதினோரு முறை போய்வந்தோம்.

3. உடம்பைத் தயார் செய்யுங்கள்

முதலில் நீச்சல். எங்கள் பிள்ளைகள் பம்புசெட் கிணற்றில் பழகியவர்கள், அதனால் எனக்குக் கவலையே இல்லை. கடலில் முதல் தடவை இறக்கியபோது இரண்டு நிமிடத்தில் மகன் அழுதுவிட்டான். கண்ணில் உப்பு, அலை முகத்தில் அடிக்கிறது, பிடிக்கப் படிக்கட்டு இல்லை. அதனால் குளத்தில் பழகும்போதே முழு உடையோடு, லைஃப் ஜாக்கெட் போட்டு, இருபது நிமிடம் மிதக்கப் பழக்குங்கள். வேகமாக நீந்தத் தெரிவதைவிட, பதறாமல் மிதக்கத் தெரிவதுதான் கடலில் உயிரைக் காக்கும்.

அடுத்தது குமட்டல். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று கரையில் நின்று சொல்ல முடியாது. மருந்தை டாக்டரிடம் கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். சில மாத்திரைகள் ஆளை அடித்துப்போட்டதுபோல் தூங்க வைக்கும். காவல் பார்க்க வேண்டியவருக்கு அது ஆபத்து. மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போடுவது பெரிய தவறு, போட்டது வெளியே வந்துவிடும். முந்தின இரவே போட வேண்டும். இஞ்சி மரப்பா கையிருப்பில் இருக்கட்டும். எங்கள் மகளுக்கு மாத்திரையோடு அதுவும் கைகொடுத்தது.

பல் டாக்டரிடம் நான்கு பேரும் போய்வாருங்கள். நடுக்கடலில் வரும் பல்வலிக்கு வைத்தியம் கிடையாது.

4. வாங்கும் முன் வேறொருவர் படகில் பழகுங்கள்

சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. இதுபோன்ற இடத்தில் சின்னப் படகில் பாய் ஏற்றவும், காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து போகவும், பாயைச் சுருக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் தனித்தனியாகக் கற்க வேண்டும். சேர்ந்து கற்றால் ஒருவர் சுக்கான் பிடிப்பார், இன்னொருவர் கயிறு இழுப்பார், அந்தப் பங்கு அப்படியே நிலைத்துவிடும். பிறகு சுக்கான் பிடிப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் படகில் மாலுமியே இல்லை. கரைக்கு வந்து சேரும் வரை முழுப் படகையும் தனியாக நடத்த உங்கள் இருவருக்கும் தெரிய வேண்டும்.

5. வீட்டிலேயே ஒத்திகை

இந்தப் படியைத்தான் எல்லோரும் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். எங்களுக்கு மிக அதிகமாகப் பயன்பட்டது இதுதான்.

தண்ணீர் ஒத்திகை: ஒரு வெள்ளிக்கிழமை இரவு குழாயை மூடுங்கள். ஞாயிறு இரவு வரை ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து. நான்கு பேருக்கு 16 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குடம். பாத்திரம் கழுவவும் குளிக்கவும் தனியாக ஒரு வாளி, அதைக் கடல் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை நாங்கள் சனிக்கிழமை மதியத்துக்குள் குடத்தைக் காலி செய்துவிட்டோம். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டியது நான்தான். மூன்றாவது முறையில்தான் கணக்கு நின்றது.

இந்தக் கணக்கை வைத்தே பயணத்தை அளக்க வேண்டும். படகு சராசரியாக 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கடல் மைல் போனால் ஒரு நாளைக்கு 120 கடல் மைல். உதாரணத்துக்கு, 1,200 கடல் மைல் தூரத்துக்குப் பத்து நாள். காற்று விழுந்துவிட்டால் நாள் இரட்டிக்கும் என்பதால் இருபது நாளுக்கு 320 லிட்டர் வேண்டும். அதிலும் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். ஒரு விரிசல் போதும். பாதி தொட்டியில், பாதி கேன்களில்.

இரவுக் காவல் ஒத்திகை: இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும். தூங்கா நகரத்தில் பிறந்தவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தோம். தெருவில் டீக்கடை வெளிச்சத்தோடு விழித்திருப்பது வேறு, இருட்டு மொட்டை மாடியில் தனியாக, பாட்டு போடாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நான்கு திசையும் பார்ப்பது வேறு. தொடர்ந்து மூன்று இரவு செய்து பாருங்கள். மூன்றாம் நாள் பகலில் யாருக்கு எரிச்சல் வருகிறது, யார் சாப்பிட மறுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒரு வாரம் நான்கு பேரும் ஒரே அறையில் இருங்கள். 38 அடிப் படகின் உள்ளே கிடைக்கும் இடம் அவ்வளவுதான்.

6. படகு

முதல் முறைக்கு 36 முதல் 40 அடி போதும். அதைவிடப் பெரிதானால் இரண்டு பேர் பாயைக் கையாள்வது கஷ்டம். பழைய படகானால் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்து, படகுகளைச் சோதித்து மதிப்பிடும் சர்வேயரை வைத்துப் பாருங்கள். மிதக்கும் படகைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு வயது கேளுங்கள். பத்து வருஷம் ஆகியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பதிவுச் சான்றிதழும் விற்பவர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கியவர்களுக்கு இந்தியாவை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு கிடைக்காமல் மாதங்கள் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

7. காகிதங்களும் கருவிகளும்

இதில் ஒரு எச்சரிக்கை எல்லாவற்றையும்விட முக்கியம். சேட்டிலைட் போன் நம் நாட்டில் அரசு அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். துரையா, இரிடியம் போன்கள், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி எல்லாம் இதில் அடங்கும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு உறவினர் மூலம் வரவழைக்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியை முதலில் வாங்குங்கள், அப்புறம் கருவி.

ஆபத்து நேரத்தில் 406 மெகாஹெர்ட்ஸில் சைகை அனுப்பும் ஈபிர்ப் கருவி கட்டாயம் வேண்டும். இந்தியப் படகுக்கான கருவியை பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் மையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத கருவி கத்தினாலும், யார் கத்துகிறார்கள், படகில் எத்தனை பேர் என்று தேடுபவர்களுக்குத் தெரியாது. பதிவில் கொடுக்கும் கரை எண், உங்கள் பயணத் திட்டம் தெரிந்தவருடையதாக இருக்கட்டும். நாங்கள் அத்தையின் எண்ணைக் கொடுத்து, பாதையையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி அவர் அலமாரிக் கதவில் ஒட்டினோம். அதன் கீழே கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

மற்றக் கப்பல்களோடும் கரையோடும் பேசும் விஎச்எஃப் ரேடியோவுக்கு உரிமம் வேண்டும். அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் என்ன சொல்ல வேண்டும் என்பதை ரேடியோவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். 9 வயதுப் பிள்ளையும் படித்துச் சொல்லும்படி இருக்க வேண்டும்.

பள்ளியில் டி.சி. வாங்கும் முன் திரும்பிச் சேரும் வழியைப் பேசுங்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது முடிந்திருக்க வேண்டும். மகளுக்கு அது பொருந்தும்படி நாளைக் கணக்கிட்டோம்.

செல்போன் எண்ணை மறந்துவிடாதீர்கள். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் எண் போய்விடலாம். எண் போனால் வங்கி ஓ.டி.பி.யும் போய்விடும். ரோமிங் போட்டு, ரீசார்ஜ் செய்யும் பொறுப்பைக் கரையில் ஒருவரிடம் கொடுங்கள்.

மாலத்தீவில் வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவரத் தடை உண்டு. பூஜை அலமாரியிலிருந்து மீனாட்சி விக்கிரகத்தை எடுத்துப் பையில் வைப்பது நம் வீட்டில் கை தானாகச் செய்கிற வேலை. அதை அத்தை வீட்டு விளக்கடியில் வைத்துவிட்டு வந்தோம்.

8. வீட்டைப் பூட்டுதல்

நகை லாக்கருக்கு. சாவி ஒருவர் கையில் மட்டும். கரண்ட் பில்லும் வீட்டு வரியும் யார் கட்டுவது என்று பெயர் எழுதுங்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து தேவைப்படும் வேலைகளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் நிம்மதி.

9. சாமான் கட்டுதல்

அரிசிக்கு நாளைக்கு ஒரு கிலோ என்று வைத்தோம், சரியாக வந்தது. கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கி, மாடியில் இரண்டு நாள் காயவைத்து, இரண்டு லிட்டர் பாட்டில்களில் காய்ந்த மிளகாயோடு அடைத்தோம். பெரிய டின்னில் வைக்கக் கூடாது. கடலில் ஒருமுறை திறந்தால் ஈரம் புகுந்துவிடும், ஒரு டின் கெட்டால் பத்து நாள் சாப்பாடு போகும். பாட்டில் கெட்டால் ஒன்றரை நாள் அரிசிதான்.

அட்டைப் பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றாதீர்கள். கரப்பான் முட்டை அட்டையின் மடிப்பில்தான் வருகிறது. பெட்டியை நடைமேடையிலேயே பிரித்து, சாமானை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.

சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, சேனை, பூசணி நன்றாகத் தாங்கும். ஆனால் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த காய் தாங்காது. வலைப்பையில் தொங்கவிடுங்கள், வெங்காயமும் உருளையும் தனித்தனியாக. தேங்காயை மட்டையோடு வாங்குங்கள். அவல், பொட்டுக்கடலை, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் நான்கும் அடுப்பு பற்றவைக்க முடியாத நாளைக் காப்பாற்றும். அப்படிப்பட்ட நாள் நிச்சயம் வரும்.

பாத்திரங்களில் பிரஷர் குக்கர் இரண்டு போதும். மூடி பூட்டிக்கொள்வதால் படகு சாய்ந்தாலும் கொதிக்கிற சாம்பார் மேலே கொட்டாது. கடலில் வரும் பெரிய காயங்களில் சமையல் சூடும் ஒன்று. சமைக்கும்போது வெறும் உடம்போடு நிற்க யாரையும் விடாதீர்கள்.

காஸ் சிலிண்டரை உள் அறையில் வைக்கவே கூடாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறக்கிறோம். படகில் அது அடித்தட்டில் போய்த் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். வெளித்தட்டில், அடியில் ஓட்டை வழியாகக் கடலுக்குக் காற்று போகும் பெட்டியில் வையுங்கள். சமைத்து முடித்ததும் சிலிண்டர் வாயிலேயே மூட வேண்டும்.

10. கொச்சியில் கடைசி மூன்று வாரம்

படகிலேயே தூங்குங்கள். பகலில் காயலிலும் முகத்துவாரத்துக்கு வெளியிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு இரவு கடலில் கழித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

ஆள் விழுந்தால் மீட்கும் பயிற்சிக்கு ஒரு மட்டைத் தேங்காய் போதும். மனிதத் தலை அளவு, பாதி முங்கித்தான் மிதக்கும். சொல்லாமல் தூக்கிப் போடுங்கள். முதல் முறை என் வீட்டுக்காரர் போட்டபோது நான் கயிற்றைப் பார்த்தேன், நிமிர்ந்தபோது தேங்காய் இல்லை. எண்ணி நாற்பது விநாடி ஆகியிருக்கும். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு விதி எழுதினோம்: விழுந்ததும் ஒரு பிள்ளை கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு எந்த வேலையும் அவருக்கு இல்லை.

அதைவிட முக்கியம் விழாமல் இருப்பது. இருட்டியபின் படியேறி வெளியே வரும் முன்பே ஹார்னஸ் (உடம்பைப் படகோடு பிணைக்கும் வார்) கொக்கியை மாட்ட வேண்டும். வெளியே வந்து மாட்டுகிறேன் என்பது கிடையாது. பெரியவர்கள் ஒரு தடவை மீறினால் பிள்ளைகள் பத்துத் தடவை மீறுவார்கள்.

11. கிளம்பும் நாள்

நல்ல நேரம் பார்ப்பதில் தவறில்லை, ஓதத்தை (கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தை) பார்த்தபின் பாருங்கள். கடல் நோக்கி நீர் இறங்கும்போது கடற்காற்று எதிரே அடித்தால் கொச்சி முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக நிற்கும். விடியற்காலையில் கிளம்புவது நல்லது. காற்று குறைவு. வலைகளும் விளக்கில்லாத மீன்பிடிப் படகுகளும் நிறைந்த கரையோரத்தைப் பகல் வெளிச்சத்திலேயே தாண்டிவிடலாம். பெரிய கப்பல்களும் அதே வழியில் வரும், துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில் சொல்லிவிட்டு ஓரமாகப் போங்கள்.

எங்களுக்கு நடந்தது இது. முகத்துவாரத்தில் முதல் அலைகள் ஆட்டியதும் டீசல் தொட்டியின் அடியில் படிந்திருந்த கசடு கலங்கி, வடிகட்டியை அடைத்து, இன்ஜின் நின்றது. பாய் இன்னும் உறைக்குள். நங்கூரத்தை நீண்ட பயணத்துக்காக நான்கு முடிச்சுப் போட்டு அழகாகக் கட்டியிருந்தேன். அதை அவிழ்க்க என் கை நடுங்கிய நேரத்தில் படகு கற்களை நோக்கி நகர்ந்தது. கத்தியால் அறுத்துத்தான் இறக்கினேன். அதனால் திறந்த கடலுக்குப் போகும் வரை நங்கூரம் தயாராக இருக்க வேண்டும், பெரிய பாயின் உறை கழன்றிருக்க வேண்டும். தொட்டியைக் கிளம்பும் முன் சுத்தம் செய்யுங்கள், உதிரி வடிகட்டி ஆறு வைத்துக்கொள்ளுங்கள்.

12. முதல் இரண்டு இரவுகள்

கொச்சியிலிருந்து மாலத்தீவின் வடகோடியில் உள்ள உலிகமுவுக்குச் சுமார் 260 கடல் மைல். 5 நாட் வேகத்தில் 52 மணி நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மூன்றாம் நாள் முற்பகல் 11 மணிக்கு, வெயில் உச்சியில் இருக்கும்போது போய்ச் சேரலாம். அந்த வெளிச்சத்தில்தான் பவளப்பாறை தண்ணீருக்குள் பழுப்பாகத் தெரியும். தாமதமாகி இருட்டில் போய்ச் சேர்ந்தால் உள்ளே நுழையாதீர்கள். வெளியே ஆழத்தில் பாயைச் சுருக்கி, விடியும் வரை நில்லுங்கள்.

முதல் நாள் சமைக்க வேண்டாம். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் லேசாகத் தடவிய இட்லி முதல் பகலுக்கு, புளியோதரை அடுத்த நாளுக்கு. குமட்டுகிறவரைக் கீழே படுக்க விடாமல் வெளியே உட்கார வைத்து, அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். ஒவ்வொரு வாயாக.

மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே பாயை ஒரு மடிப்புச் சுருக்கிவிடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் நடுராத்திரியில் தூங்குகிறவரை எழுப்பி, இருட்டில் தளத்துக்கு அனுப்ப வேண்டியிருக்காது. காற்று பின்னாலிருந்து வரும்போது பாயின் அடிக்கட்டை சட்டென்று மறுபக்கம் வீசி அடிக்கும். அதை ஒரு கயிற்றால் முன்னோக்கி இழுத்துக் கட்டுங்கள். பிள்ளைகளின் தலை உயரத்தில்தான் அது போகும்.

இரண்டாம் இரவு கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். எட்டு டிகிரி, ஒன்பது டிகிரி கால்வாய்கள் வழியாகக் கொழும்புப் பக்கம் போகும் கப்பல்கள் நம் பாதையைக் குறுக்கே வெட்டும். அடிவானத்தில் தெரியும் கப்பல் இருபது நிமிடத்தில் நம் மேல் வந்துவிடலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு பார்வை என்ற கணக்கு அதனால்தான். சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம், பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம்மை நோக்கி வருகிறது. அன்று அதிகாலை மூன்று மணிக்கு மகள் என்னை உலுக்கி, "அம்மா, ரெண்டும் தெரியுது" என்றாள். அவளை நான் காவலுக்கே வைக்கவில்லை, தூக்கம் வராமல் வெளியே வந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் திரையில் கப்பலின் பெயரைப் பார்த்து ரேடியோவில் கூப்பிட்டேன், வழியை மாற்றிக்கொண்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பதில் வருகிறது.

கரை தெரிந்ததும் மஞ்சள் கொடியை ஏற்றுங்கள், பாஸ்போர்ட்டுகளையும் கொச்சியில் வாங்கிய அனுமதிச் சீட்டையும் ஒரே உறையில் எடுத்து வையுங்கள். அதிகாரிகள் படகுக்கு வந்து சோதித்து, கொடியை இறக்கச் சொல்லும் வரை ஒருவரும் கரையில் கால் வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் குதிக்கத்தான் தோன்றும்.